கரை நிற்காது என்றேன்

நான் கொத்தனார். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி.

எங்கள் வீடுகள் பாசனச் சானலின் வடக்குக் கரையில் ஒரே வரிசை. பன்னிரண்டு வீடு, இடையிடையே தோப்பு. ரோடு தெற்குக் கரையில். தாண்ட ஒரே பாலம், கிழக்குக் கோடியில். பஸ் நிற்பதோ மேற்குக் கோடிக்கு நேர் எதிரே. மேற்கே கடைசி வீட்டுக்காரிக்கு பஸ் கண்ணுக்குத் தெரியும். போய்ச் சேர அரைமணி ஆகும். அவள் புருஷன் தென்னையிலிருந்து விழுந்து கால் போனவர். செவ்வாய்தோறும் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள்.

இன்னொரு பாலத்துக்கு அனுமதி வந்தது. ஒன்றுதான். எங்கே போடலாம் என்று பஞ்சாயத்து மெம்பர் என்னைக் கேட்டார்.

“மேக்க வச்சா சுத்து கொறயும்லா?”

அங்கே கடப்பாரையை இறக்கிப் பார்த்திருந்தேன். ஒரு சாணுக்குக் கீழே பாறை. ணங்கென்றது.

“அங்க கரை நிக்காது. பொடிமண்ணு” என்றேன்.

என் வீடு கிழக்கிலிருந்து நாலாவது. எதிர்க்கரையில் என் வாழைத்தோட்டம். குலை சுமக்கும் தூரம் குறையும். அவ்வளவுதான் காரணம். பஸ்ஸுக்குப் போக எனக்குப் புதுப் பாலம் மேற்கே வந்தாலும் என் வீட்டருகே வந்தாலும் ஒரே நடைதான்.

பாலம் என் வீட்டுக்கு நேரே வந்தது. நானே கட்டினேன். டீக்கடையில் ஒருவன், “பாலம் ஊருக்கா, ஒம்ம வாழைக்கா வே?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த செவ்வாய் அவள் என் வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

“கொஞ்சம் கொறஞ்சிருக்கு அண்ணே. நல்லா இருப்பிய.”

திட்டியிருக்கலாம்.

மழைக்காலத்தில் சக்கரம் சேற்றில் புதைந்து அவள் தனியாக இழுப்பதைப் பார்த்தேன். மறுநாள் மேற்கே இரண்டு தென்னந்தடியைப் போட்டு, மேலே பலகை அடித்து, கைப்பிடியும் வைத்தேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“வேண்டாம் அண்ணே. அங்க கரை நிக்காதுன்னு நீங்கதான சொன்னிய? மத்தவிய விழுந்தா நீந்திருவாவ. இவரு?”

நாற்காலியில் இருந்தவரும் தலையாட்டினார். “கொத்தனாருக்குத் தெரியாததா?”

அடியில் பாறை என்று சொன்னால் போதும்.

“சும்மா போட்டுப் பாத்தேன்” என்றேன்.

இப்போது மற்றவர்கள் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறார்கள். கோழிகூடப் போகிறது. அவள் மட்டும் கிழக்கே தள்ளிக்கொண்டு வருகிறாள். சக்கரச் சத்தம் கேட்டதும் நான் வாழைக்குள் போய் நின்றுகொள்கிறேன்.