கொக்கி வைத்த தகடு

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. இதைப் பெருமையாகவே பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒயரிங் வேலையில் இது நல்ல குணம். மெயின் சுவிட்சை அடைத்தாகிவிட்டது என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்தாலும், டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியில் கை வைப்பேன். முப்பது வருடமாக உயிரோடு இருக்கிறேன் என்றால் அதுதான் காரணம். கம்பியிடம் காட்ட வேண்டிய சந்தேகத்தை மனிதர்களிடமும் காட்டுகிறேன் என்று என் மனைவி குறைப்பட்டுக்கொள்வாள். அவளுக்கு ஒயரிங் தெரியாது என்று நானும் விட்டுவிடுவேன்.

என் வேலை பெரும்பாலும் தீவில், ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில். அந்தப் பலகைக் கூரைகளில் விளக்கு மாட்டும் இடத்தில் வட்டமான மரக்கட்டை ஒன்று இருக்கும். பழைய விளக்கின் ஓட்டைகள் அதில் ஓர் அளவில் இருக்கும். இப்போது வருகிற விளக்குகளின் ஓட்டைகள் வேறு அளவில் இருக்கும். புதிதாக ஓட்டை போடலாம் என்றால், பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று வீட்டுக்காரர்கள் டிரில்லைப் பார்த்ததுமே முகத்தைச் சுளிப்பார்கள். இதற்காகத்தான் நான் ஒரு தகடு செய்தேன். அதில் வளைவான நீளத் துளைகள். பழைய ஓட்டை எங்கே இருந்தாலும் தகட்டைத் திருப்பி அதோடு சேர்த்துவிடலாம். தகட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி. விளக்கை அதில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் கம்பியை இணைத்துவிட்டு, விளக்கை மேலே தள்ளித் திருகினால் பூட்டிக்கொள்ளும். ஒரே ஆள் போதும். கொக்கிதான் விஷயமே.

இது என் சொந்த மூளையில் உதித்தது. அதனால் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். வாங்குவதற்குள் யாரும் திருடிவிடக் கூடாது. தகட்டைக் கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் ஒரு பட்டறையில் வெட்டச் சொன்னேன். கொக்கியை ஆயர் ஈத்தாமில் வேறொரு பட்டறையில் கொடுத்தேன். அவனுக்கு இது எதற்கு என்று தெரியாது, இவனுக்கு அது எதற்கு என்று தெரியாது. முதலில் போன காப்புரிமை ஏஜெண்டிடம் கொக்கியை வரையாமலே படத்தைக் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, இதில் புதுசாக என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆழம் பார்க்கிறான் என்று நினைத்துப் படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஏஜெண்டைத் தேட இரண்டு மாதம். அவருடைய மைத்துனர் விளக்குக் கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவரையும் விட்டேன். இப்படியே பத்து மாதம் போயிற்று. கடைசியில் பீச் ஸ்திரீட்டில் ஒரு சீனப் பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் பேசவே மாட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று. அவர்தான் விண்ணப்பத்தைப் போட்டார்.

இந்தக் காலம் முழுக்க என் பக்கத்தில் இருந்தவன் ஒருவன்தான். என் கூட்டாளி. என்னைவிட ஆறு வயது இளையவன், தாசேக் கெலுகோரில் வீடு. தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வருவான். இருபது வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். தகட்டை முழுசாகப் பார்த்தவன் உலகத்திலேயே அவன் மட்டும்தான். அவனிடம் மறைக்கவும் முடியாது, ஏணியில் நான் நின்றால் கீழே அவன் நிற்பான்.

காப்புரிமை என்றால் பணம் கட்டினால் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கோலாலம்பூரில் ஓர் அதிகாரி உட்கார்ந்து, உலகத்தில் யாராவது இதை ஏற்கெனவே செய்திருக்கிறார்களா, காட்டியிருக்கிறார்களா என்று தேடுவார். விண்ணப்பம் போட்ட நாளுக்கு முன்னால் எங்காவது பொதுவில் வந்திருந்தால் அது புதுசு இல்லை. இந்தத் தேடலுக்கே இரண்டு வருடம் ஆயிற்று. கூட்டாளி வாரம் தவறாமல், "என்னாச்சு அண்ணே, பதில் வந்துச்சா?" என்று கேட்பான். நானும் இல்லை என்பேன்.

பதில் ஒரு ஜனவரியில் வந்தது. ஏஜெண்ட் அம்மா கூப்பிட்டு, ஒன்பது பக்க அறிக்கையை மேசையில் வைத்து, மலாய் மொழியில் ஒவ்வொரு பத்தியாக எனக்கு விளக்கினார். அதிகாரி இரண்டு ஆட்சேபங்களை எழுதியிருந்தார். முதலாவது, எங்கோ வெளிநாட்டில் பதிவான ஒரு பழைய தகடு. அதில் கொக்கி இல்லை. அதைச் சமாளித்துவிடலாம் என்றார் அம்மா. இந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள எவருக்கும் இது தோன்றியிருக்கும் என்று அதிகாரி ஒரு வரி சேர்த்திருந்தார். அந்தச் சாதாரணத் திறமைக்காரன் வந்து ஒருநாள் ஏணியில் நிற்கட்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது ஆட்சேபம்தான் பெரிது. அது இணையத்தில் கிடந்த நாற்பது விநாடி வீடியோ. நான் விண்ணப்பம் போடுவதற்குப் பத்து மாதம் முன்னால் ஏற்றப்பட்டது. அதிலிருந்து எடுத்த மூன்று படங்களை அறிக்கையோடு ஒட்டியிருந்தார்கள். ஒரு பலகைக் கூரை. ஏணியில் ஒரு ஆள். அவன் கை. கையில் என் தகடு, கொக்கியோடு. அந்தக் கை என்னுடையது. வீடியோவை ஏற்றியவர் என்ற இடத்தில் என் கூட்டாளியின் பெயர் இருந்தது.

அம்மா கணினியில் அதை ஓட்டிக் காட்டினார். பின்னால் ஏதோ ஒரு பாட்டு ஓடியது, வேறு சத்தம் இல்லை. எனக்குத் தெரியாமல் கீழேயிருந்து எடுத்திருக்கிறான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். அவன் போன வருடம் வேன் வாங்கியது நினைவுக்கு வந்தது. போன் வந்தால் தள்ளிப் போய்ப் பேசுவது நினைவுக்கு வந்தது. வாராவாரம் "என்னாச்சு அண்ணே" என்று கேட்டானே, அது அக்கறை இல்லை, வேவு பார்த்திருக்கிறான் என்று தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால் பழைய நல்லது எல்லாம் வரிசையாக வந்து கெட்டதாக மாறி நிற்கும். எனக்கு அன்று அப்படித்தான் ஆயிற்று.

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருந்தது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு வருடா வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து விளக்குப் போடுவோம். நான் பீச் ஸ்திரீட்டிலிருந்து நேராக அங்கே போனேன். அவன் பந்தல் கம்பத்தில் வயர் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெண்கள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தெரிந்த முகங்கள் இருபது முப்பது பேர். நான் அறிக்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்னடா?"

அவன் இறங்கி வந்து படங்களைப் பார்த்தான். "நாம எடுத்த வீடியோ அண்ணே. ஏன், ஏதும் பிரச்சனையா?"

"நாம எடுத்ததா? யாரைக் கேட்டுடா போட்டே?"

"உங்களைக் கேட்டுத்தான் போட்டேன்."

"பொய் சொல்லாத. என் வாயில இருந்த சோத்தப் பறிச்சுட்டு என்கிட்டயே கதை விடுறியா? திருட்டுப்பய."

நறுக்குகிற சத்தம் நின்றது.  அவன் வாயைத் திறக்கப் போகிறவன் மாதிரி இருந்தது. அப்புறம், "சரி அண்ணே," என்றான். கையில் இருந்த கட்டரை மேசைமேல் வைத்தான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குமேல் மறுத்துப் பேசாததையே ஒப்புதல் என்று நான் எடுத்துக்கொண்டேன். மீதி விளக்குகளை நான் தனியாகப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "அந்தத் தம்பியா? நீங்க உங்க நிழலையும் நம்ப மாட்டீங்க," என்றாள். அவளோடும் இரண்டு நாள் பேசவில்லை.

ஏஜெண்ட் அம்மா ஒரு வழி சொன்னார். விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள் கண்டுபிடித்தவரே அதைப் பொதுவில் காட்டியிருந்தால் சட்டம் மன்னித்துவிடும். வேறொருவர் அவருடைய உரிமையை மீறிக் காட்டியிருந்தாலும் மன்னிக்கும். எது நடந்தது என்று சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டும், ஆதாரமும் வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. திருட்டு என்று எழுதுங்கள் என்றேன். அம்மா எழுதவில்லை. ஏற்றியவரிடம் முதலில் கடிதம் போட்டுக் கேட்கிறேன் என்றார். திருடன் எங்கேயாவது பதில் போடுவானா என்று கேட்டேன். அவர் கடிதத்தைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

மூன்று வாரத்தில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. போனேன். "பதில் வந்துவிட்டது. உட்காருங்கள்," என்று கணினியை என் பக்கம் திருப்பினார். கூட்டாளி அனுப்பியிருந்த வெட்டாத முழு வீடியோ. மூன்று நிமிஷம், பாட்டு இல்லாமல்.

அதே பலகைக் கூரை, அதே ஏணி. படம் அவ்வப்போது ஆடியது. கூட்டாளி ஒரு கையால் போனையும் ஒரு கையால் ஏணியையும் பிடித்திருக்கிறான், ஏணியைப் பிடித்த கை படத்தின் கீழ் ஓரத்தில் தெரிந்தது. அவன் குரல் கேட்டது: "அண்ணே, இதைப் போடவா? பாத்துட்டு நாலு பேரு வேலைக்குக் கூப்பிடுவாங்க." உடனே மேலேயிருந்து ஒரு குரல். பல்லுக்கிடையில் ஸ்குரூவைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல். "போடுலா, போடு. ஆனா கிட்ட வந்து எடு. கொக்கி தெரியணும்." அப்புறம் ஒரு சிரிப்பு. என் சிரிப்புதான். அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்திருக்கிறேன்.

எனக்கு எதுவும் நினைவில்லை. இன்றைக்கும் நினைவில்லை. பட்டறைக்காரனைச் சந்தேகப்பட்டேன், இரண்டு ஏஜெண்டைச் சந்தேகப்பட்டேன், இருபது வருடக் கூட்டாளியைச் சந்தேகப்பட்டேன். என் வாயை மட்டும் சந்தேகப்படவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. அம்மா மூன்றாவது முறை ஓட்டப் போனார். போதும் என்று கையைக் காட்டினேன்.

அவருக்கு இதில் திருப்தி. கண்டுபிடித்தவரே காட்டியது, அதுவும் பத்தே மாதம் முன்னால், இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைக்காது என்றார். அன்றைக்கே சத்தியப் பிரமாணம் தயாரானது. மேற்படி வீடியோவை என் கூட்டாளி என் முழுச் சம்மதத்தோடும் என் சொற்படியும் எடுத்து வெளியிட்டார் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பின்னால் அதிகாரி அதை ஏற்றுக்கொண்டார், காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. காடியில் ஏறி ஓட்டிக்கொண்டு நேராகப் பாலம் ஏறினேன்.

தாசேக் கெலுகோரில் அவன் வீட்டு வாசலில் வேன் நின்றது. பழைய வேன்தான், கதவில் துரு. அவன் மனைவி என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கிவிட்டு, "வாங்கண்ணே, தேத்தண்ணி கலக்குறேன்," என்று உள்ளே போனாள். அவன் வீட்டுக்குப் பின்பக்கம் மோட்டாருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 

"வீடியோவப் பாத்தேன்," என்றேன்.

"ம்."

"என் குரல்தான். நான்தான் போடச் சொல்லியிருக்கேன். தப்பு என்னுது."

அவன் துணியில் கையைத் துடைத்தான்.

"ஏன்டா, அன்னிக்கே அது உன் போன்ல இருந்துச்சுதானே? அத்தனை பேரு முன்னால நான் கத்துறப்போ அதை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா காட்டியிருக்கலாம்லா. ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா நம்பியிருப்பீங்க."

"ஆமா. அதைத்தான் சொல்றேன்."

"இருபது வருஷம் உங்ககூட வேல செஞ்சிருக்கேன் அண்ணே. அதுக்கப்புறமும் ஒரு வீடியோவக் காட்டித்தான் நான் திருடன் இல்லன்னு உங்களுக்குச் சொல்லணும்னா, அந்த நம்பிக்க எனக்கு எதுக்கு?"

 என் புத்தி என்னை விடவில்லை. அந்த நேரத்திலும் ஒரு கேள்வி கேட்டேன். "அப்புறம் ஆபீசுக்கு மட்டும் ஏன் அனுப்பி வச்சே?"

அவன் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

"அவங்களுக்கு என்னைத் தெரியாது அண்ணே. அதனால கேட்டாங்க, கொடுத்தேன்."

சொல்லிவிட்டுச் சங்கிலியை மாட்டக் குனிந்துகொண்டான். தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்து டம்ளரை நாற்காலியில் வைத்துவிட்டு, வந்த வழியே பாலம் ஏறினேன்.