ஞாயிற்றுக்கிழமை நிரப்பிய பெட்ரோல்

என் தம்பி ரிச்சர்ட் பாளையங்கோட்டையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். பழைய கார் பார்ப்பதில் இந்த ஜில்லாவில் அவனுக்கு இணை இல்லை என்று நான் சொன்னால், அக்கா அப்படித்தான் சொல்லுவாள் என்பார்கள். சொல்லட்டும்.

டவுணில் இருக்கும் அப்பாத்துரை ஐயாவின் சிவப்பு எம்.ஜி. காரை அவன்தான் பார்க்கிறான். இங்கிலாந்தில் செய்தது, இரண்டு பேர்தான் உட்காரலாம். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன செய்கிறது என்று சொல்லிவிடுவான்.

இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பம்புக்குள் இருக்கும் பழைய ரப்பர் சவ்வு அதில் ஊறி உப்பிப் போகும். புதுச் சவ்வு இங்கிலாந்திலிருந்து வரவேண்டும், வந்தபாடில்லை. அதனால் ரிச்சர்ட் பெட்ரோலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, எத்தனால் தண்ணீரோடு அடியில் இறங்கியதும் மேலே நிற்பதை மட்டும் எடுப்பான். துணியில் வடிகட்டிக் கொடுப்பது என் வேலை. ஒரு தூசி இருக்காது.

ஐயாவின் மகள் கல்யாணத்துக்கு சர்ச்சுக்கு வந்தது அந்தக் காரில்தான். அவள் இப்போது இல்லை. அவளுடைய மகள் கரோலினும் அதிலேயே வரவேண்டும் என்று ஐயாவுக்கு ஆசை. “கொண்டு சேத்துருவேன் ஐயா” என்று ரிச்சர்ட் வாக்குக் கொடுத்துவிட்டான்.

கல்யாணம் திங்கட்கிழமை. சனிக்கிழமையே எல்லாம் முடித்து, வடித்த பெட்ரோலை ஊற்றிவிட்டு வந்தான். ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஐயாவின் மகன் சிரித்துக்கொண்டே சொன்னார்: “கல்யாண வண்டி அரை டேங்க்ல நிக்கலாமாடே? பங்க்குக்குக் கொண்டுபோய் ரொப்பிட்டேன்.”

ரிச்சர்ட் முகம் செத்துவிட்டது.

“லே, இப்பவே போய் இறக்கிரு” என்றேன்.

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமைல்லாக்கா.”

ஓய்வுநாளில் எங்கள் வீட்டில் யாரும் ஸ்பானரைத் தொட்டதில்லை.

திங்கள் விடியுமுன் போய் டேங்கைக் காலி செய்து, மிச்சம் வைத்திருந்த கேனை ஊற்றினான். பம்ப் அடித்தது. கொஞ்சம் சோர்ந்து அடிப்பதுபோல எனக்குப் பட்டது. அவனுக்கும் பட்டிருக்கும்.

ஐயா ஓட்ட, கரோலின் வெள்ளைப் பட்டும் தலையில் நெட் முக்காடுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் பைக்கில் பின்னால் போனோம். ஆற்றுப் பாலத்தின் நடுவில் கார் இருமி நின்றது.

பின்னால் டவுண் பஸ் டிரைவர் தலையை நீட்டினார். “என்ன வே, பாலத்துலயே தாலி கெட்டப் போறியளோ?”

ரிச்சர்ட் ஸ்பானரின் பிடியால் பம்பைத் தட்டினான். டிக், டிக். அவ்வளவுதான். “சவ்வு உப்பிட்டு ஐயா. இங்கன வச்சு ஒண்ணும் செய்ய முடியாது.”

பாட்டிலில் பெட்ரோலைத் தூக்கிப் பிடித்து, பம்ப் இல்லாமல் நேரே என்ஜினுக்குக் குழாய் விடலாம். சூடான என்ஜினில் சிந்திப் பற்றிக்கொண்டால்? பக்கத்திலேயே அந்த நெட். பாட்டிலை எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டான்.

“நேத்தே இறக்கியிருக்கலாம்லா?” என்றார் ஐயா.

“நேத்து ஓய்வுநாளு, ஐயா.”

சபைக் கமிட்டியில் இருக்கிற மனிதர். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

கரோலினே இறங்கி ஆட்டோவை நிறுத்தினாள். “ஏறுங்க தாத்தா, பாஸ்டர் காத்துக்கிட்டிருப்பாங்க.” காரின் கதவை ஒருமுறை தடவிவிட்டு ஏறினாள். ஐயா சாவியை ரிச்சர்ட் கையில் வைத்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆட்டோ மறைந்ததும் ரிச்சர்ட் பின்னால் போய்த் தோள் கொடுத்தான். “அக்கா, ஏறி ஸ்டீயரிங்க நேரா புடி.”

“எங்கலே தள்ளுத? ஒர்க் ஷாப்புக்கா?”

“சர்ச்சுக்கு.”

“அவ போயிட்டாளே!”

“கொண்டு சேத்துருவேன்னு சொல்லிட்டேன்லா.”

பாலம் தாண்டினால் ஏற்றம். நான் ஏறவில்லை. ஜன்னல் வழியே ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நானும் தள்ளினேன்.