கதவு திறந்திருக்க வேண்டும்

பஞ்சாயத்தில் பெண் உறுப்பினர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எங்கள் கடலோர ஊரின் பெரிய மனிதர்கள் யோசித்து என்னைப் பிடித்தார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த என் கணவர் அங்கேயே மௌத்தாகி அடக்கமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. எழுதப் படிக்கத் தெரியும். வாய் திறக்கமாட்டேன் என்பதுதான் எனக்கு இருந்த பெரிய தகுதி. ஆண்கள் கண்ணில் படாத கோஷா குலையக் கூடாதென்று கூட்ட அறையின் மூலையில் பழைய பாய்மரத் துணி ஒன்றைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அந்தத் துணியில் கருவாட்டு வாசம் வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரை ஆண்டேன்.

அந்த வருடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெளியூர்க்காரர் ஒருவர் மாலிஷ் கடை திறந்தார். வாசலில் திரை தொங்கியது. உள்ளே எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம், உள்ளே நடப்பதை விவரமாகச் சொன்னார்கள். புகார் வந்தது, தீர்மானம் தயாரானது. உடம்பு பிடித்துவிடும் இடம் எதுவானாலும் லைசென்ஸ் வாங்க வேண்டும். வேலை நேரத்தில் தெருக்கதவு திறந்திருக்க வேண்டும். திரை கூடாது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். கடைக்காரர் விஷயம் தெரிந்ததும் பரமக்குடி பஸ் ஏறிவிட்டார். ஆனாலும் எழுதியது எழுதியதுதான், அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றிவிடுவோம் என்றார்கள்.

அதில் மாட்டிக்கொள்ள ஊரில் மிச்சம் இருந்தவள் ஒருத்திதான். எங்கள் தெருவின் பின்சந்தில் இருந்தாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள். அப்படிப்பட்டவள் வழித்துவிட்டால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கணவன் போன தோணி திரும்பாமல் போனபின், அந்தக் கையை நம்பித்தான் இரண்டு பெண்பிள்ளைகளையும் வளர்த்தாள். பிள்ளை பெற்றவர்களுக்கும் இடுப்புப் பிடித்தவர்களுக்கும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அனுப்புவாள். கதவு சாத்தியிருக்கும், உள்ளே திரையும் உண்டு. அதை நம்பித்தான் பெண்கள் வந்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் என் வீட்டுக் கொல்லைப்பக்கமாக வந்தாள்.

"லாத்தா, கதவத் தொறந்து போட்டா எந்தப் பொம்பள வந்து படுப்பா? சாத்தி வச்சா பூட்டுப் போட்டுருவாகளாம். ரெண்டு புள்ளைகளயும் வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

"இன்னும் தீர்மானம் ஆகலத்தா."

"நீங்க அங்கனதான இருக்கீக?"



மறுநாள் கிளார்க் தீர்மானத்தைப் படித்து முடித்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஆளுக்காள் சரி என்றார்கள். நான் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பயம்தான், வேறென்ன.

"நான் ஒன்னு கேக்கணும்" என்றேன்.

நாற்காலிகள் திரும்பும் சத்தம் கேட்டது. "கேளுங்கம்மா" என்றார் தலைவர்.

"திரை போட்டா உள்ள தப்புத்தான் நடக்கும்னா, எனக்கு எதுக்குத் திரை கட்டியிருக்கீக?"



"இது மானத்துக்குக் கட்டுனதும்மா" என்றார் தலைவர்.

"அவ கட்டியிருக்கதும் அதுக்குத்தான்."

"அப்ப உள்ள போயி யாரு பாக்குறது? பாக்காம லைசென்ஸ் குடுக்க முடியாதே" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"நான் பாக்குறேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. பெண்களுக்குப் பெண் செய்யும் இடமென்றால் கதவு சாத்தியிருக்கலாம், பெண் உறுப்பினர் பார்த்துச் சொன்னால் போதும் என்று தீர்மானத்தைத் திருத்தினார்கள்.

சில நாள் கழித்துப் பார்வையிடப் போனேன். வெந்நீர் அண்டா, எண்ணெய்ச் சட்டி, துவைத்துக் காயப்போட்ட துணிகள் எல்லாவற்றையும் பெரிய அதிகாரி மாதிரி பார்த்தேன். அறை சுத்தமாக இருந்தது.

"எல்லாஞ் சரியா இருக்கு. சொல்லிருறேன்" என்று கிளம்பினேன்.

"சட்டியையும் அண்டாவையும் பாத்தாப் போதுமா? இப்புடிப் படுங்க லாத்தா."

"எனக்கு ஒரு நோவும் இல்லையே."

"படுத்துட்டுச் சொல்லுங்க."

படுத்தேன். சூடான எண்ணெயோடு அவள் கை என் முதுகில் பட்டது. கணவர் கடைசியாகக் கப்பல் ஏறிய பிறகு என் முதுகை ஒருவரும் தொட்டதில்லை. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அழுகை பொங்கி வந்தது. பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவள் கையை எடுக்கவில்லை. புருஷன்மாரைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு இருந்த எங்கள் ஊர்ப் பெண்கள், இடுப்புவலி என்று சொல்லிக்கொண்டு அந்தச் சந்துக்கு ஏன் வந்தார்கள் என்று தெரிந்தது.

தெருவில் ஆண்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அவள் எழுந்துபோய், கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.