மிச்சம் வைக்காத வலை

திரேஸ்புரத்துக்கு வெளியே ஒரு பட்டறையில் பிளாரன்ஸுக்கு வேலை. கடற்பாசிக் கூழைக் கிண்டி நூலாக இழுக்க வேண்டும். சிப்பி பாறையைப் பிடித்துக்கொள்ளும் நாரைப் பார்த்துப் படித்துச் செய்த நூலாம் அது. அந்த நூலில் பின்னிய வலையைக் கரைக்குக் கொண்டுவந்து காயவைத்தால் உழைக்கும். தண்ணீரிலேயே விட்டுவிட்டால் இரண்டு மாதத்தில் கரைந்துவிடும். அறுந்த நைலான் வலையில் சிக்கி ஆமை சாகிற கதை இனி இல்லை என்று இன்ஜினியர் விஜயராஜ் சொன்னதை, அவள் தெருத் தெருவாகச் சொல்லித் திரிந்தாள்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். கடலுக்குப் போகிறவனிடம் கரைகிற வலையைக் கொடுத்தால் சிரிக்காமல் என்ன செய்வான்? அவள் புருஷன் ஜாக்சன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏளா, ஒன் கையால செஞ்சதுல்லா. நான் போடுதேன்" என்றான்.

வீட்டிலிருந்த நைலான் வலைகளைப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கார்த்திகைக் காற்றில் அவன் வள்ளம் மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. ஆள் வரவில்லை.

உடல் கிடைக்காதவனுக்கு அவன் வலையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது அந்தக் குடும்பத்து வழக்கம். ஜாக்சனின் அப்பாவுக்குக் கல்லறை கிடைத்ததே அப்படித்தான். விரித்த வலை எப்படியும் பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டில் மாட்டிக் கிடக்கும். சங்கு குளிக்கிறவர்கள் எடுத்துத் தருவார்கள். ஆனால் கடல் தெளிவதற்குள் தை முடிந்துவிட்டது. கொழுந்தன் இனிகோ அவர்களோடு பார் பாராகப் போய்த் தேடினான்.

"மைனி, யார் யார் வலையெல்லாமோ கெடக்கு. அண்ணன் வலை ஒரு முழம்கூட இல்ல" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நூல் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. பெட்டி செய்யச் சொன்னதை வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்கள். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்து இடம் வெறுமனே கிடந்தது. தன் கையை வெட்டிப் போட்டால்கூடத் தேவலை என்றிருந்தது பிளாரன்ஸுக்கு.

வேறு பிழைப்பு ஏது? மறுபடி வேலைக்குப் போனாள். விஜயராஜ் நல்ல மனுஷன், துக்கம் விசாரித்தார். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், ஊடால ஒரே ஒரு இழைய மட்டும் கரையாம போட முடியாதா?"

"அப்படிப் போட்டா இந்த வலைக்கு அர்த்தமே இல்லையேம்மா."

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுப்பைப் பற்றவைத்துக் கூழைக் கிண்டத் தொடங்கினாள்.