சின்னம்மா வீட்டுச் சாப்பாடு

எங்கள் வீட்டு உப்பு ஜாடிக்குள் ஒரு பீங்கான் கரண்டி கிடக்கும். அடி தட்டை, கைப்பிடி குட்டை, குழியில் நீல நிறத்தில் ஒரு மீன், முதுகில் சிவப்பாக இரண்டு எழுத்து. கல்கத்தாவில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த அப்பா, ஒரு பொங்கல் லீவில் நன்னிலத்துக்கு அதைக் கொண்டுவந்தார். யார் கொடுத்தது என்று அம்மா கேட்டதற்கு, "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குக் கை கழுவப் போய்விட்டார். அம்மா கரண்டியைத் தூக்கி எறியவில்லை. உப்பில் போட்டாள். அவள் புத்தி எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு, எறிந்திருந்தாலே தேவலை என்று தோன்றும்.

காரணம் ஒரு கடிதம். அப்பாவின் கையெழுத்தில் புள்ளி இருக்காது, குறில் நெடில் பேதம் இருக்காது, எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். அதில் ஒரு வரி: 'மாதம் இரண்டு நாள் டெரிட்டி பஜார் சின்னம்மா வீட்டில்தான் சாப்பாடு, கவலை வேண்டாம்.' கவலை வேண்டாம் என்றால் எந்தப் பெண்பிள்ளைதான் கவலைப்படாமல் இருப்பாள்? எங்கள் பக்கத்தில் சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. அப்பா இரண்டாவதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டால் அவளும் சின்னம்மாதான். அப்பாவின் அம்மாவோ கூடப்பிறந்தவர்கள் இல்லாத ஒற்றைப் பெண்.

அம்மா அவரிடம் கேட்கவே இல்லை. நான் வளர்ந்து, பள்ளிக்கூட வாத்தியாராகி, ஏம்மா கேட்கவில்லை என்று சண்டை போட்டபோது அவள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "கேட்டு, அவரு ஆமான்னு சொல்லிட்டா நான் என்னடி பண்றது?" ஐம்பது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தினாள். அவர் மூன்றாம் முறை ரசம் கேட்டால்கூட, அங்கே பழகிய நாக்கோ என்று ஒரு பார்வை பார்ப்பாள். அப்பாவுக்கு அது புரிந்ததாகவே தெரியவில்லை. எனக்கும் அந்தக் குணம் அப்படியே வந்திருக்கிறது. இல்லையென்று என் வீட்டுக்காரர் சொல்ல மாட்டார்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு தஞ்சாவூருக்கு வந்துவிட்டாள். அமாவாசைதோறும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பாள். இரண்டே உருண்டை, மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. அப்பாவுக்குக் கிடையாது. "அவருக்கு அந்தச் சின்னம்மா வெக்கட்டும்" என்பாள். எண்பதைத் தாண்டியவள், முழங்கால் வலியோடு படியேறி, கட்டிய புருஷனுக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் இறங்கி வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கண்ணை மூடுவதற்குள் உண்டா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும்.

போன வருஷம் மகளுக்குக் கொல்கத்தாவில் வேலை கிடைத்தது. நான் கரண்டியைக் கழுவித் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் டெரிட்டி பஜார் போனோம். புடவை கட்டிய ஒரு கிழவியை, முடிந்தால் அவள் பெற்ற பிள்ளைகளையும் பார்த்துவிடும் எண்ணத்தில்தான் போனேன். போய்ப் பார்த்தால் அது சீனர்கள் குடியேறிய பழைய பேட்டை! நடைபாதையில் மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க ஏதோ வெந்துகொண்டிருந்தது. சிவப்புக் கதவுகளில் தங்க எழுத்து, மாடியில் ஊதுவத்தி மணக்கும் ஒரு கோயில், அதன் வாசலிலேயே குப்பைமேடு. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகளெல்லாம் கனடா போய்விட்டார்களாம். அந்தக் கடைகளில் எங்கள் கரண்டி அடுக்கடுக்காக இருந்தது. அதே தட்டை அடி. நின்ற இடத்திலேயே அப்பாவின் கையெழுத்து எனக்குள் பிரிந்தது. சின்னம்மா இல்லை. சீனம்மா.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, சீனத்தி என்றால் மட்டும் சின்னம்மா ஆகக் கூடாதா என்றுதான் தோன்றியது.

கரண்டியின் முதுகைப் பார்த்த ஒரு கடைக்காரர், அது ஒரு பழைய சாப்பாட்டுக் கடையின் பெயர் என்று சந்துக்குள் கை காட்டினார். மாடியில் எழுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி கதவைத் திறந்தார். நான் முதலில் பார்த்தது அவருடைய மூக்கை. அப்பாவின் மூக்கு நுனியில் பிளந்திருக்கும், இது சப்பை. நெற்றி, காது மடல் எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் வணக்கம் சொன்னேன். அவர் பேசிய இந்தியை மகள் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சீனம்மா அவருடைய தாயார். இறந்து வெகுகாலம் ஆகிறது. சீனாவோடு எல்லையில் சண்டை வந்தபோது போலீஸார் தகப்பனாரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. ஒரே ஒரு மதராஸி பாபு மட்டும் வருவதை நிறுத்தவில்லை.

"அம்மா, தாத்தாவை இவங்க போலீஸு உளவாளின்னு நெனச்சாங்களாம்மா!" என்றாள் மகள். "ஊரே பயந்து ஓடுறப்ப ஒரு ஆளு மட்டும் மாசம் ரெண்டு நாள் தவறாம வந்தா வேற என்னன்னு நெனைக்கிறதுன்னு கேக்குறாங்க. அதுலயும் ஒரு பிடி சோத்த ஜன்னல்ல வெச்சிட்டு கா, கான்னு கத்துவாராம். எதிர் மாடியில இருக்குற ஆளுக்கு சிக்னல் குடுக்குறாருன்னு பயந்துக்கிட்டே பரிமாறுவாங்களாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. தன் அப்பாவைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்ததால் அப்பா அமாவாசை விரதம் விட்டதில்லை. காக்கைக்கு வைக்காமல் வாயில் சோறு வைக்க மாட்டார். அவர் தங்கிய மெஸ்ஸிலோ மீன் இல்லாத நாளே கிடையாது. சீனம்மா வீட்டில் அவர்கள் மாதக் கணக்குக்கு முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையும் பௌர்ணமியும், மீனும் கறியும் அடுப்பேறாது. முன்னோர் படத்துக்கு முன்னால் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பாடு. தகப்பனார் திரும்பி வந்த பிறகுதான் சீனம்மாவுக்குச் சந்தேகம் தீர்ந்ததாம். அன்றைக்குக் கொடுத்த கரண்டி இது. சீனர் வீட்டில் சாப்பிட்டதாகச் சொன்னால் பாட்டி வாசலிலேயே தலைமுழுக வைத்திருப்பாள்; அதனால்தான் 'தெரிஞ்சவங்க'. ஐயோ அப்பா! அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி, இரண்டு பேருடைய சந்தேகத்துக்கும் நடுவில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாரே.

தஞ்சாவூர் திரும்பி எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கரண்டியை வாங்கி முகத்தருகே பிடித்து மீனைப் பார்த்தாள். அடுத்த அமாவாசையன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு மாடியேறினாள். வழக்கமான இரண்டு உருண்டைகளையும் வைத்தாள். பிறகு மடியிலிருந்து கரண்டியை எடுத்து, அதில் மூன்றாவதாக ஓர் உருண்டை வைத்து, சற்றுத் தள்ளி வைத்தாள். கைகூப்பி நின்றாள்.

காக்கைகள் வந்து தின்றுவிட்டுப் போயின. காலியான கரண்டியை எடுத்து முந்தானையால் துடைத்தபடி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அமாவாசை சரி. பௌர்ணமிக்கு எதுக்குடி போனாரு?"

கீழே வந்ததும் கரண்டியைப் பழையபடி உப்பு ஜாடிக்குள் போட்டு மூடினாள்.