எழுந்திருக்காத மாமியார்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதத்தில், தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும்.

என் வீட்டுக்காரர் துறைமுக வேலையில் ஓய்வு பெற்றதும் மரவேலையில் இறங்கிவிட்டார். மகன் கல்யாணத்துக்குள் தன் கையாலேயே ஓர் அலமாரி செய்துவிடுவதாகச் சபதம். அறுக்க இடமில்லை என்று என் தையல் மிஷின் மேல் பலகையை வைத்து அறுத்தார். பலகையோடு மிஷினும் கொஞ்சம் அறுபட்டது. மூன்று நாள் சோறு போடும்போது கரண்டியை மட்டும் சட்டியில் சத்தமாகத் தட்டினேன். அதன் பிறகுதான் அறுக்கவும் பூட்டவும் தோதாக ஒரு பட்டறை மேசை செய்ய ஆரம்பித்தார்.

வேப்பமரக் காலும் சட்டமும் நின்றுவிட்டன. மேலே இரண்டு பிளைவுட் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் நானுமாகப் பலகையைப் பிடித்து இறக்கினோம். பசை பிடிக்கும்வரை நாலு மூலையிலும் கனம் வேண்டுமாம். இரண்டு மூலைக்கு உப்பு மூட்டை வைத்தார். மூன்றாவதற்கு அம்மிக்கல். நாலாவதற்கு ஒன்றும் கிடைக்காமல் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தவர், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏறி உக்காரு. நான் வார வரைக்கும் எந்திரிச்சிராத, மூலை தூக்கிக்கிடும்" என்று சொல்லிவிட்டு ஸ்குரு வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

கால் மணி நேரம் போயிருக்கும். வாசலில் கார் நின்ற சத்தம். சாத்தான்குளத்துப் பெண் வீட்டார். நாலு வருடம் அலைந்து எங்கள் மகனுக்குக் கூடி வந்த இடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகத்தான் பேச்சு. பக்கத்தில் ஒரு விசேஷத்துக்கு வந்தவர்கள், அப்படியே எட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள். ஆண்கள் முன்பக்கமே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். பெண்ணின் அம்மாவும் அத்தையும் ஆளைக் காணோமே என்று பின்பக்கம் வந்தார்கள்.

இரண்டு உப்பு மூட்டைக்கும் ஓர் அம்மிக்கல்லுக்கும் துணையாக, சப்பரத்தில் ஏற்றி வைத்த அம்மன் மாதிரி நான் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

பதறி எழுந்தேன். பாதி எழும்போதே முந்தானை பிடித்து இழுத்தது. பலகையை இறக்கும்போது நுனி உள்ளே சிக்கி, பசையோடு பசையாக ஒட்டியிருக்கிறது. இன்னும் எழுந்தால் சேலையே அவிழ்ந்துவிடும். தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இவர்களுக்கு இவ்வளவு மரியாதை போதும் என்று பாதியில் நிறுத்தின மாதிரி.

நான் அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவள். பேசினால் தப்பாக ஏதும் வந்துவிடுமோ என்று புது ஆள் முன்னால் வாயே திறக்க மாட்டேன். அன்றைக்கும் 'வாங்க' என்று சொல்லத்தான் நினைத்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அத்தைக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்திரிச்சி ஒரு வாங்கன்னு சொல்லக் கூட முடியல. நம்ம பிள்ள இங்கன வந்து என்ன பாடு படப் போகுதோ" என்றாள், எனக்குக் கேட்கும்படியாகவே.

"போலாம் மைனி" என்றாள் பெண்ணின் அம்மா. இருவரும் திரும்பி நடந்தார்கள். சுவர் முனையைத் தாண்டிவிட்டால் என் மகன் கல்யாணம் அதோடு முடிந்தது. அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தது. திறந்த வாயில் மரியாதையும் வரவில்லை; சின்னப் பிள்ளைகளை 'ஏடி' என்று அதட்டுகிற பேச்சுதான் வந்தது.

"ஏளா, போகாதீய. என் சேல பலகைக்குள்ள ஒட்டிப்போச்சு!"

வரப்போகும் சம்பந்தியைப் பார்த்து நான் பேசிய முதல் வார்த்தை 'ஏளா'.

இருவரும் நின்றார்கள். அத்தைக்காரி வந்து குனிந்து பார்த்தாள், முந்தானையை இழுத்துப் பார்த்தாள். "பலகையத் தூக்கி எடுத்துர வேண்டியதுதான?" என்றாள். எந்திரிக்கக் கூடாது என்று அவுக சொல்லிட்டுப் போயிருக்காக என்றேன். அவ்வளவுதான், தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். தன் வீட்டுக்காரர் தண்ணி மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு மாதமாகக் குடத்தில் சுமக்க வைத்த கதையைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அம்மிக்கல் பக்கம் ஏறி உட்கார்ந்தாள், நன்றாக ஒட்டட்டும் என்று. பெண்ணின் அம்மா எங்கள் அடுப்படிக்குப் போய் அவளே காப்பி போட்டு, முன்னால் இருந்த ஆண்களுக்கும் கொடுத்துவிட்டு வந்து, அவளும் ஏறிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக வந்தார். மேசை மேல் வரிசையாக மூன்று பெண்கள், கையில் காப்பி. வாங்க என்று கூடச் சொல்லவில்லை மனிதர்.

"நடுவுல உள்ளவுக கொஞ்சம் அந்த மூலைக்குத் தள்ளி உக்காருங்க" என்றார்.

கடைசியில் அத்தைக்காரிதான் கத்தரிக்கோல் வாங்கி, என் முந்தானையில் ஒரு சாண் வெட்டி என்னை விடுவித்தாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. நீங்கள் மட்டும் அன்றைக்குக் கூப்பிடாமல் இருந்திருந்தால், காரில் ஏறியதுமே வேண்டாம் என்று முடிவு சொல்லியிருப்போம் என்று சம்பந்தியம்மா பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

அறுபது வயதுவரை என் கூச்சத்தை அடக்கம் என்றே நினைத்திருந்தேன். எதிரில் நிற்பவர்களுக்கு அது கர்வமாகத் தெரியும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் யாராவது ஒரு பெண் யாரோடும் பேசாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தால், நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். பாவம், அவளுக்கு எங்கே என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ.