காலால் ஓட்டிய படகு

ரப்பர் பிழியும் உருளையில் சிக்கி இடது கை முழங்கையோடு போன பிறகு, தங்கையாவைத் தோட்டத்து வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். அதுவரை அவன் எஞ்சின் கொட்டகை ஆள். லோரி நின்றாலும் விளக்கு அணைந்தாலும் அவனைத் தேடித்தான் வருவார்கள். இப்போது கார் வந்தால் குறுக்குத் தடியைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். எல்லோரும் போய் வந்தார்கள். அவன் மட்டும் அங்கேயே கிடந்தான்.

அப்போது ரப்பர் விலை அடியோடு சரிந்திருந்தது. வேலைக்கு ஆகாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவில் உள்ள ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"தங்கையா, உனக்கு இந்த வாசல் வேலையும் போகப் போவுது. கப்பல் வந்தா உன்னையும் ஏத்தச் சொல்லிட்டாரு தொரை."

"என் பொஞ்சாதிய?"

"ராமாத்தா நல்லா பால் வெட்டுறவ லா. அவள எதுக்கு அனுப்புறாங்க?"

தங்கையா பிறந்ததே இந்த மலாக்கா மண்ணில்தான். ஊர் என்று அவர்கள் சொல்லும் இடத்தில் அவனுக்கு முகம் தெரிந்த ஒருவர்கூட இல்லை. வெளியே ஒரு பிழைப்பு கிடைத்தால் கப்பலிலிருந்து தப்பலாம். கடலோரச் செர்காமில் மீன் விற்கும் பாக் மாட் என்ற மலாய்க்காரரின் நினைவு வந்தது. அவரிடம் பெட்ரோல் எஞ்சின் வைத்த சிறு படகு ஒன்று இருந்தது. கண் மங்கியதால் கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். அவரிடம் போய், படகைத் தான் ஓட்டுவதாகச் சொன்னான்.

"ஒரு கை சுக்கானுக்கு, ஒரு கை எஞ்சின் வேகத்துக்கு வேணும், வலையை எதால இழுப்பே?" என்று அவர் மலாயில் கேட்டார்.

"கையால வலை. மத்ததெல்லாம் காலால" என்றான் தங்கையா.

பள்ளத்தில் விழுந்து நசுங்கிய பழைய காரைத் துரை கழித்துப் போட்டிருந்தார். அதிலிருந்த எஞ்சின் கிளப்பும் மோட்டார், கண்ணாடி துடைக்கும் சின்ன மோட்டார், பேட்டரி எல்லாவற்றையும் கேட்டு வாங்கினான். பெரிய மோட்டார் கயிற்றைச் சுற்றிச் சுக்கானைத் திருப்பும். சின்னது வேகக்கம்பியை இழுக்கும். பலகையில் பித்தளைத் தகடுகளை அடித்துக் கால்பொத்தான்கள் செய்தான். ராமாத்தாள் ஆணியைப் பிடிக்க, அவன் அடித்தான். உப்புத் தண்ணீர் படாதிருக்க, பேட்டரிப் பெட்டியைத் திருகாணி போட்டு இறுக்கினார்கள்.

முதல் நாள் அவளும் கூட வந்தாள். தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை. இடப்பக்கப் பொத்தானை மிதித்ததும் படகு பணிந்து திரும்பியது. தங்கையா சிரித்தான். கை போன பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓர் அலை உள்ளே அடித்தது. காலை எடுத்த பிறகும் மோட்டார் நிற்கவில்லை. நனைந்த தகடுகள் ஒட்டிக்கொண்டன. சுக்கான் ஒரு பக்கமாக இறுகியது. எஞ்சின் முழு வேகத்தில் அலறியது. படகு ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. நீரோட்டம் அந்த வட்டத்தையே, கடலில் நட்டிருந்த மீன்பிடிக் கம்பங்களை நோக்கித் தள்ளியது. பேட்டரிக் கம்பியைக் கழற்றலாமென்றால் திருப்புளி கரையில் கிடந்தது.

"நிறுத்துங்க!"

"எப்படிடி நிறுத்துறது?"

எஞ்சின் மண்டையில் பொறி கொடுக்கும் கம்பியைப் பிடுங்கப் போனான். ஈரக்கையில் மின்சாரம் அடித்து மல்லாந்து விழுந்தான். தன் கையாலேயே கூண்டு கட்டி அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது போல் இருந்தது.

"இது எங்கேங்க மூச்சு விடுது?" என்று ராமாத்தாள் கத்தினாள். அவன் காட்டினான். தலைத்துணியை அவிழ்த்துக் கடலில் முக்கி, காற்று இழுக்கும் வாயில் திணித்து அழுத்தினாள். எஞ்சின் இருமிச் செத்தது. கம்பங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றன.

ஆளுக்கொரு துடுப்பு போட்டுக் கரைக்கு வந்தார்கள்.

"கப்பல்லயே போயிடுறேன், ராமாத்தா."

"போங்க. அதுக்கு முன்னால கையில புடிச்சு இழுத்தா கழண்டுக்குற மாதிரி ஒரு கம்பிய அந்தப் பெட்டிக்கு வெளிய விடுங்க."

விட்டான். பொத்தான்களுக்கு ரப்பர் உறையும் போட்டான். கப்பல் வருவதற்கு முன்பே பாக் மாட்டின் கூட்டாளியாகக் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். துரை அவனைத் தேடவில்லை.

ஆனால் தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான லைன் வீடு, அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தான். அவன் செர்காமில் அத்தாப்பு ஓலைக் குடிசை ஒன்றில் ஒண்டினான். தோட்டத்தில் வாங்கிய முன்பணக் கடன் தீரும்வரை ராமாத்தாளைத் தோட்டம் விடாது. ஞாயிற்றுக்கிழமை மீனோடு அவளைப் பார்க்கப் போவான். பொழுது சாய்ந்ததும், அவன் பார்த்த வாசல் காவலில் உட்கார்ந்திருந்த புது ஆள், "அண்ணே, நேரமாச்சு" என்று குரல் கொடுப்பான். அவள் வாசல்வரை வந்து நிற்பாள். நடுவே குறுக்குத் தடி இறங்கும்.